பழைய அச்சுத் தோற்றத்தில் தேய்ந்த தடித்த தமிழ் எழுத்து: மாங்கூழ் லேபிளுக்கு எப்படிச் செய்வது, எங்கெல்லாம் போடலாம்?

லேபிள்_கிருஷ்ணகிரி (கேள்வி)

வணக்கம். கிருஷ்ணகிரியில் சிறிய அளவில் மாங்கூழும் ஜாமும் தயாரிக்கிற ஒருவருக்கு லேபிள் வேலை. அவர் காட்டும் மாதிரி ஆங்கிலத்தில் இருக்கிறது: நல்ல தடிமனான எழுத்து, ஓரங்கள் உடைந்து, நடுவே மை பிடிக்காமல் விட்டுப்போன வெள்ளைப் பொடிகள், மொத்தத்தில் பழைய மரப்பெட்டியில் முத்திரை குத்திய தோற்றம். "கிருஷ்ணகிரி மாங்கூழ்", "மாம்பழ ஜாம்" இரண்டும் தமிழில் அதேபோல வேண்டும் என்கிறார்.

போகவேண்டிய இடங்கள்: 90 × 60 மி.மீ. பாட்டில் ஸ்டிக்கர் (ஆஃப்செட்), பழுப்பு அட்டைப்பெட்டி, ஆட்களுக்கு டி-ஷர்ட், மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலுக்கு 10 × 8 அடி ஃபிளெக்ஸ், கடை முகப்பில் ஏ.சி.பி. (அலுமினியத் தகடு ஒட்டிய) பலகை மேல் வினைல் எழுத்து.

தமிழில் இப்படித் தேய்ந்த ஃபாண்ட் எடுத்தால் போதுமா, அல்லது சாதாரணத் தடித்த ஃபாண்டை நாமே தேய்க்க வேண்டுமா? கோரல்டிராவில் ஒரு கிரஞ்ச் படத்தை (கறையும் கீறலுமான படம்) டிரேஸ் செய்து வெக்டர் கோடுகளாக்கி, அதை வைத்து எழுத்தை வெட்ட டிரிம் போட்டால் மெஷின் நின்றுவிடுகிறது. தப்பித் தவறி வந்தாலும் பூச்சி அரித்தது மாதிரி இருக்கிறது, பழைய அச்சு மாதிரி இல்லை. என்னிடம் இருப்பது பழைய கோரல், ஃபோட்டோஷாப், இங்க்ஸ்கேப்.

---

அச்சுமை

சுத்தமான ஃபாண்டை எடுத்து நீங்களே தேய்ப்பதுதான் சரி. தயார் ஃபாண்டில் ஒரு எழுத்துக்கு ஒரே தேய்மானம்தான் இருக்கும். "மாம்பழ ஜாம்" என்று அடித்துப் பாருங்கள்: ம மூன்று முறை வருகிறது, மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். கம்ப்யூட்டர் வேலை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நன்றாகச் செய்த தேய்ந்த ஃபாண்டுகளில் ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவம் வைத்து, ஓபன்டைப் வசதியால் மாறி மாறி வரச் செய்வார்கள். தமிழில் உயிர்மெய் வரிசை முழுக்க அப்படி வரைய யாருக்குப் பொறுமை?

பூச்சி அரித்தது மாதிரி வருவதற்குக் காரணம் வேறு. டெக்ஸ்சரை, அதாவது அந்தச் சொரசொரப்புப் படத்தை, எழுத்து முழுக்க ஒரே சீராகப் போர்த்தியிருப்பீர்கள். அசல் அச்சு அப்படித் தேயாது.

இந்தத் தோற்றத்தின் வேர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சுவரொட்டிகளின் மர எழுத்து. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் ரௌட்டர் (சுழன்று மரம் குடையும் கருவி) வைத்து மர எழுத்தைப் பெருமளவில் வெட்ட வழி செய்தார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை (ஒரு மாதிரி வடிவத்தைத் தொடர்ந்து வேறு அளவில் நகலெடுக்கும் சட்டம்) சேர்த்தார். மேப்பிள் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் வெட்டிய எழுத்துகள் அவை. பெரிய ஈய எழுத்து கனமும் அதிகம், விலையும் அதிகம், வார்க்கும்போது பரப்பு சீராகவும் அமையாது என்பதால் போஸ்டர் அளவுக்கு மரம் வந்தது.

மர எழுத்து எங்கே கெடுகிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டு எடுப்பதிலும் கீழே விழுவதிலும் வெளிமூலைகள் உடையும். அகலமான கோட்டின் நடுப்பகுதிக்கு அழுத்தம் குறைவாகப் போய், மை சீராக ஒட்டாமல் உப்புத் தூவியதாகப் பொடிப் பொடியாக வெள்ளை விழும். ஓரத்தில் அழுத்தம் கூடி மை பிதுங்குவதால் கோட்டின் விளிம்பு நடுவைவிடக் கறுப்பாக இருக்கும். உள்மூலைகளிலும் சின்னச் சுழிகளிலும் மை தேங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளிமூலை உடைசல், தடித்த கோட்டின் நடுவே பொடி, ஒடுங்கிய இடத்தில் மை நிறைவு. இந்த மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் கண் நம்பும். மெல்லிய கோட்டின் மேல் வெள்ளைப் பொடி போட்டால் நம்பாது.

---

வளைகோடு

அச்சுமை சொன்னதைச் செய்முறையாகத் தருகிறேன்.

முதலில் ஃபாண்ட். அனேக் தமிழ் எடுத்து எடையை 800க்கும் அகலத்தை 75க்கும் வைத்தால் போஸ்டர் எழுத்தின் நெருக்கம் வந்துவிடும். மரப்பெட்டி முத்திரை போலக் கொஞ்சம் உருண்டையாக வேண்டுமென்றால் பலூ தம்பி 2, எடை 800. ஆங்கில வரிக்கு ரூபிக் டர்ட், ரூபிக் டிஸ்ட்ரெஸ்டு என்று தேய்ந்த ஃபாண்டுகள் இலவசமாக உண்டு. ஆனால் தமிழை ஒரு விதத்திலும் ஆங்கிலத்தை இன்னொரு விதத்திலும் தேய்த்தால் ஒட்டாது. சுத்தமான ஆங்கில எழுத்தை எடுத்து இரண்டையும் ஒரே டெக்ஸ்சரில் தேயுங்கள்.

பழைய கோரலில் யூனிகோட் தமிழ் உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எனவே இங்க்ஸ்கேப்பில் தட்டுங்கள். ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி அடித்துப் பாதையாக்குங்கள். அடுத்து கன்ட்ரோல் + பிளஸ் அடித்து ஒன்றாக இணைப்பதை விட்டுவிடாதீர்கள். அனேக் போன்ற வேரியபிள் ஃபாண்டுகளில் ஒரே எழுத்தின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். இணைக்காமல் வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் ஏறிய இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியலாம். இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால் தமிழ் சரியாக வரும்.

லேபிளில் எழுத்து 80 மி.மீ. அகலம் என்றால், அதே அளவில் 1200 டி.பி.ஐ.யில் பி.என்.ஜி.யாக எடுங்கள். சுமார் 3,780 பிக்சல் அகலம் வரும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மீதி வேலை ஃபோட்டோஷாப்பில், கிரேஸ்கேலில்.

மை பரவலை முதலில் செய்யுங்கள். காஸியன் பிளர் 4 முதல் 5 பிக்சல், பிறகு திரெஷோல்டு 128. வெளிமூலை கூர் மழுங்கும், உள்மூலையில் மை தேங்கியது போல நிரம்பும். திரெஷோல்டு எண்ணைக் கூட்டினால் எழுத்து தடிக்கும், குறைத்தால் மெலியும். இந்த ஒரு படியிலேயே பாதித் தோற்றம் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிக் குதித்து நேரே டெக்ஸ்சருக்குப் போவதால்தான் கத்திக்கூர் மூலையும் தேய்ந்த நடுவுமாக ஒட்டாமல் நிற்கிறது.

டெக்ஸ்சரை நெட்டில் தேடவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கல்லுக்கா பஞ்சம்? பாலிஷ் போடாத, நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் துண்டு ஒன்று வாங்கி, மேலே மெல்லிய தாளை விரித்து, கறுப்பு மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மேடான இடம் கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் வரும். வெள்ளைப் பொடிக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை. மூலை உடைசலுக்குப் பழக்கூடைப் பலகை அல்லது பழைய சிமென்ட் தரையில் அதேபோலத் தேய்த்த இன்னொரு தாள். இரண்டையும் 1200 டி.பி.ஐ. கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து முழுக்க மூடும் அளவுக்குத் தாள் பெரிதாக இருக்கவேண்டும். சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மறுபடியும் அதே ம சிக்கல்தான்.

கிரானைட் ஸ்கேனை எழுத்துக்கு மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை ஸ்கிரீன் ஆக்குங்கள். டெக்ஸ்சரில் எங்கே வெள்ளையோ அங்கே எழுத்தும் வெள்ளையாகும். எவ்வளவு வெள்ளை என்பதை லெவல்ஸில் கறுப்பு முனையை நகர்த்திக் கட்டுப்படுத்தலாம். தலைப்பு எழுத்தில் வெள்ளை பத்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். பொடி நடுவில் மட்டும் விழ, எழுத்தைத் தேர்ந்து 15 பிக்சல் உள்ளே சுருக்கி, 10 பிக்சல் ஃபெதர் கொடுத்து லேயர் மாஸ்க் ஆக்குங்கள். உடைசல் லேயருக்கு மாஸ்க் வேறு: முழுக்கக் கறுப்பாக வைத்து, வெளிமூலைகளில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கி மீடியன் ஃபில்டர், ஆரம் 4. இந்த அளவில் சுமார் 0.15 மி.மீ.க்குக் கீழான தூசு போய்விடும். அவை எப்படியும் அச்சில் நிற்காது. கடைசியில் மோடைப் பிட்மேப் ஆக்கி, 50% திரெஷோல்டில், 1200 டி.பி.ஐ. டிஃப் ஆகச் சேமியுங்கள்.

கோரல் நிற்பதற்கு விடையும் இதுதான். டிரேஸ் செய்த கிரஞ்சில் பல்லாயிரம் நோட் (கோட்டின் முனைப்புள்ளிகள்) இருக்கும். டிரிம் ஒவ்வொன்றையும் கணக்குப் போட வேண்டும். ஒரு-பிட் டிஃப் (வெறும் கறுப்பு, வெள்ளை மட்டும் உள்ள படம்) ஒரு எம்.பி.கூட வராது. கோரலில் இறக்கி நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டால் பின்னணி மறையும். வண்ணப் பட்டையில் வலது கிளிக் செய்தால் எழுத்து அந்த நிறமாகும். வெக்டர்தான் உயர்வு என்ற எண்ணத்தை இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓரம் வையுங்கள்.

---

லேபிள்_கிருஷ்ணகிரி

கிரானைட் யோசனை அருமை, நன்றி. ஒரு சந்தேகம். "மாங்கூழ்" என்பதில் ங், ழ் இரண்டின் மேலும் புள்ளி. வெள்ளைப் பொடி புள்ளியைத் தின்றால் ழ் என்பது ழ ஆகிவிடும். எழுத்துக்கு வெளியே கறுப்புத் தெறிப்பு போட்டால் அதுவே புள்ளியாகத் தெரிகிறது. ஆங்கில மாதிரியில் தெறிப்பு நிறைய இருக்கிறது.

---

அச்சுமை

தமிழுக்கு வெளித்தெறிப்பு ஆகாது. ஆங்கிலத்தில் சின்ன ஐ, ஜே தவிர மேலே புள்ளி வைத்த எழுத்து கிடையாது, அதிலும் இந்த மாதிரிப் போஸ்டர் எழுத்து பெரும்பாலும் பெரிய எழுத்திலேயே ஓடும். தெறிப்பு எங்கே விழுந்தாலும் அவர்கள் வாசிப்பு மாறாது. நமக்கு எழுத்தின் தலைக்கு மேல் விழும் எந்தக் கறுப்பும் மெய்யாக்கிவிடும். அப்படியும் வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், புள்ளியின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத தெறிப்பை வரியின் அடிப்பக்கம் மட்டும் விடுங்கள்.

புள்ளியை மாஸ்க்கில் மூடிவிடுங்கள், அதன் மேல் பொடியே வேண்டாம். விளிம்பு மட்டும் கோணலாக இருந்தால் போதும். மிகத் தடித்த ஃபாண்டுகளில் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடைவெளி குறைவு. பிளரும் திரெஷோல்டும் போட்டதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்க்ஸ்கேப்பில் பாதையாக்கிய பிறகு, பிளருக்கு முன்பே புள்ளியைத் தனியே பிடித்து அரை மி.மீ. மேலே தூக்குங்கள்.

காக்க வேண்டியவை இன்னும் உண்டு. ண, ன இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. மை பரவலில் அது அடைபட்டால் "கிருஷ்ணகிரி" எழுத்துப்பிழையோடு அச்சாகும். சுழியின் உள்வெளி அச்சு அளவில் 0.6 மி.மீ.யாவது திறந்திருக்கட்டும். எ, ஏ வேறுபாடு அடியில் ஒரு சின்னக் கோடு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மேல்சுழியால்தான் வேறாகின்றன. கி, கீ இரண்டுக்கும் மேல்விலங்கின் முனையில் ஒரு சுழிப்புதான் வித்தியாசம். வேலை முடிந்ததும் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே அறியாத ஒருவரிடம் லேபிளைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு என்ன எழுதினோம் என்று தெரியும் என்பதால் நம் கண் தானாகத் திருத்திக்கொள்ளும்.

---

பர்கூர்_ஸ்க்ரீன்

அச்சு வகையைப் பொறுத்து ஒரே டிசைனை எல்லாவற்றுக்கும் அனுப்பாதீங்க.

ஸ்டிக்கர் ஆஃப்செட்டுக்கு வளைகோடு சொன்ன 0.15 மி.மீ. நிற்கும், ஆனால் எழுத்து ஒரே மையில் ஓடணும். அடர்பழுப்பை நான்கு நிறம் கலந்து கொண்டுவந்தால், பதிவு (நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காருவது) 0.1 மி.மீ. நகர்ந்தாலே பொடிக்குள் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும், சின்னப் பொடி அடைபட்டும் போகும். தனி மை, இல்லையென்றால் வெறும் கறுப்பு, கீழே மாம்பழ மஞ்சள் மேல் ஓவர்பிரின்ட் (மஞ்சளை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது). அப்போது பொடி வழியாக மஞ்சள் தெரியும், பதிவுத் தொல்லையும் இல்லை.

அட்டைப்பெட்டி ஃபிளெக்ஸோவில் ஓடும். ரப்பர் மாதிரியான பிளேட், அழுத்தினால் மை அகலும். வெள்ளைப் பொடி 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நிரம்பிவிடும். அதோடு நெளி அட்டையின் வரிகள் தாமாகவே எழுத்தில் கோடு கோடாக மை ஏற்றத்தாழ்வு காட்டும். பெட்டிக்குச் சுத்தமான எழுத்தையே கொடுங்க. மூலை மழுங்கல் மட்டும் போதும். நீங்க காசு கொடுத்துச் செய்யும் தேய்மானத்தை அந்த அட்டை சும்மாவே செய்து தரும்.

டி-ஷர்ட்டுக்கு இந்த வகை எழுத்துதான் ராஜா. பெரிய மை அடைப்பு சட்டையில் பிளாஸ்டிக் பலகை மாதிரி விறைக்கும். பொடி இருந்தால் துணி மடங்கும், துவைத்து வெடித்தாலும் தெரியாது. ஸ்க்ரீன் பிரின்டிங்கில் மெஷ் 43 டி-யில் (செ.மீ.க்கு 43 இழை உள்ள வலைத்துணி) 0.5 மி.மீ.க்குக் கீழே நம்பாதீங்க. 77 டி போட்டால் 0.3 வரை வரும். ஃபிலிம் எடுக்கும்போது அடர்த்தி குறைந்தால் வெளிச்சம் கசிந்து சின்னக் கறுப்புகள் எமல்ஷனில் (வலை மேல் பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) கழுவ வராது. கறுப்புச் சட்டையில் வெள்ளை அடிப்படை போட்டு மேலே மஞ்சள் அடிப்பது இந்த டிசைனுக்கு ஆகாது: அடிப்படையை 0.3 மி.மீ. சுருக்கினால் பொடியைச் சுற்றிக் கரை தெரியும், சுருக்காவிட்டால் வெள்ளை வெளியே நீட்டும். வெளிர் நிறச் சட்டை, அடர்ந்த ஒரே மை. அதுதான் சுத்தம்.

ஃபிளெக்ஸுக்கு லேபிள் கோப்பையே பெரிதாக்கலாம். 80 மி.மீ. எழுத்தை 2.4 மீட்டர் ஆக்கினால் 30 மடங்கு, 1200 டி.பி.ஐ. 40 ஆகும், ஒரு பிக்சல் 0.6 மி.மீ., 20 அடி தள்ளி நின்றால் தெரியவே தெரியாது. ஆனால் பொடி லேயரை அணைத்துவிட்டு உடைசலை மட்டும் வையுங்க. தூரத்தில் பொடி தனித்தனியாகத் தெரியாது, எழுத்து வெளுத்த மாதிரி மட்டும் இருக்கும். ஸ்டால்காரர் வெயிலில் வெளுத்த பழைய ஃபிளெக்ஸைக் கொடுத்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்.

வினைல் கட்டிங்கில் தேய்ந்த எழுத்தை நினைக்கவே வேண்டாம். 3 மி.மீ.க்குக் குறைந்த துண்டு பிளேடு இழுக்கும்போதே கிளம்பும், மீதியை ஊசியால் பொறுக்கி எடுக்க ஒரு ஆள் உட்காரணும். பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து ஏ.சி.பி.யில் ஒட்டுங்க, அல்லது நேரே யு.வி. பிரின்ட். அக்ரிலிக் எழுத்து வெட்டுவதாக இருந்தால் 3 மி.மீ. ரௌட்டர் பிட் உள்மூலையில் 1.5 மி.மீ. வளைவை விட்டுத்தான் ஆகும். அங்கே சுத்தமான ஃபாண்ட். கிருஷ்ணகிரி–தருமபுரி நெடுஞ்சாலை ஓரம் போர்டு வைக்கும் எண்ணம் இருந்தாலும் இதேதான். ஓடும் வண்டியிலிருந்து தேய்ந்த எழுத்தை யாரும் படிக்க மாட்டாங்க.

---

நான்குரோடு_டிடிபி

தருமபுரியிலிருந்து இரண்டு விஷயம்.

ஃபாண்ட் உரிமம். அனேக், பலூ தம்பி, ரூபிக் எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வருபவை. வியாபார லேபிள், லோகோ எல்லாவற்றுக்கும் தடையில்லை. ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. இலவசத் தளங்களில் கிடைக்கும் ஆங்கிலத் தேய்ந்த ஃபாண்டுகளில் பல சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று உடன் வரும் டெக்ஸ்ட் கோப்பில் எழுதியிருக்கும். அதைத் திறந்து படிக்காமல் லேபிளில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது, லேபிளில் எதைத் தேய்க்கக்கூடாது என்பது. பெயரும் தலைப்பு வரியும் மட்டும் தேய்ந்த எழுத்து. நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்புத் தேதி, சேர்மானம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் சாதாரண எழுத்தில் தெளிவாக நிற்க வேண்டும். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்கவேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தேதி, பேட்ச் எண்ணை இன்க்ஜெட்டில் குத்துவார்கள் என்றால் அந்த இடத்துக்கு டெக்ஸ்சர் இல்லாத வெளிர்க் கட்டம் விடுங்கள்.

பின்னணி முழுக்கப் பழைய காகிதத் தோற்றம் போடுபவர்கள் பார்கோடை மறந்துவிடுகிறார்கள். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்கப் பார்கோடான ஈ.ஏ.என்-13இன் இயல்பு அளவு 37.29 × 25.93 மி.மீ., 80 சதவீதம் வரை சுருக்கலாம். உங்கள் 90 × 60இல் தாராளமாக அமையும். பக்கவாட்டு வெற்றிடத்தையும் சேர்த்து வெள்ளைக் கட்டத்துக்குள் வையுங்கள். பழுப்புக் காகிதத்தில் செம்பழுப்புக் கோடுகள் அழகாகத்தான் இருக்கும், ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். கோடு கறுப்பிலேயே இருக்கட்டும்.

---

லேபிள்_கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பெயருக்குக் கீழே "எங்கள் பண்ணையிலிருந்து" என்று ஒரு சின்ன வரி. பழைய காலத்து ணை போட்டால் பொருத்தமாக இருக்குமா?

---

அச்சுமை

இருக்கும். ஆங்கிலத்தில் கீறலும் பொடியும் செய்கிற வேலையை நமக்கு அந்த ஒரு எழுத்தே செய்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை 13: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. "கிருஷ்ணகிரி மாங்கூழ்" என்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை, ஆகவே தலைப்பில் தொட எதுவும் இல்லை. ணை வருவது இந்தச் சின்ன வரியில் மட்டும்தான்.

பெரும்பாலான ஃபாண்டுகளில் பழைய வடிவம் கிடையாது, வரைந்துதான் ஆக வேண்டும். பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து எழுத்தை ஸ்கேன் செய்து அடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபாண்டின் ண-வைப் பாதையாக்கி, இடப்பக்கம் வளைந்து சேரும் துதிக்கையை அதே கோட்டு அகலத்தில் பேனாக் கருவியால் வரையுங்கள். சேரும் இடத்தில் கோடு தடித்துவிடும். அங்கே உள்பக்கமாகக் கொஞ்சம் செதுக்கிவிட்டு இணையுங்கள். பிறகு பிளர், திரெஷோல்டு. இந்த அளவுக்குப் பிளர் 2 பிக்சல் போதும்.

4 மி.மீ. உயர எழுத்தாக இருந்தால் பொடியும் வேண்டாம், உடைசலும் வேண்டாம். பழைய ணை மட்டும் போதும்.